கான்கிரீட்டுக்குப் போர்வை இருக்கு... ஹோஸ் பிடிப்பவருக்கு? உறைபனியில் பம்ப் ஓடும்போது மறக்கப்படும் மனிதர்

கான்கிரீட்டுக்குப் போர்வை போர்த்துவார்கள் என்றால் நம்புவீர்களா? கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் குளிர்காலம் வந்துவிட்டால் இது தினசரிக் காட்சி. தளம் போட்ட கையோடு அதன் மேல் கனமான வெப்பக்காப்புப் போர்வைகளை விரிப்பார்கள். கலவைக்குள் சென்சார் புதைத்து, மணிக்கொரு முறை வெப்பநிலையைக் குறித்துக்கொள்வார்கள். சுற்றிலும் தார்ப்பாய் கட்டி, உள்ளே ஹீட்டர் வைப்பார்கள். பச்சைக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது போலத்தான்.

இத்தனை கவனிப்பும் கான்கிரீட்டுக்கு. அதே தளத்தில், பனி படிந்த கம்பிகளுக்கு நடுவே, பம்ப்பிலிருந்து வரும் ரப்பர் ஹோஸைக் கட்டிப்பிடித்தபடி ஒருவர் நிற்கிறார். அவருக்கு? ஹெல்மெட், கண்ணாடி, கையுறை, 'பார்த்து நில்லுப்பா' என்று ஒரு குரல். பெரும்பாலான சைட்களில் அவ்வளவுதான்.

'குளிர்கால கான்கிரீட்' என்றாலே கான்கிரீட் கெட்டுப்போகாமல் காப்பது என்றுதான் கட்டுமானத் துறை புரிந்துவைத்திருக்கிறது. அந்தக் கான்கிரீட் தளத்துக்கு எப்படி வந்து சேர்கிறது, வரும் வழியில் குளிர் என்னவெல்லாம் செய்யும், அது யார் மேல் விழும் என்ற கேள்விகள் பின்வரிசைக்குப் போய்விடுகின்றன. இந்த வரிசை மாற வேண்டும். ஏன் என்று புரிய, முதலில் குளிரின் கணக்கைப் பார்க்க வேண்டும்.

குளிர் கான்கிரீட்டை என்ன செய்கிறது?

கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை. சிமென்டும் தண்ணீரும் வேதிவினை புரிந்து இறுகுகின்றன. வெப்பம் குறைந்தால் அந்த வினையின் வேகமும் குறையும். தோராயமாக, 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் இறுகும் நேரம் இரண்டு மடங்காகும் என்பது சைட்டில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. 20 டிகிரியில் ஆறு மணி நேரத்தில் இறுகும் கலவை, 10 டிகிரியில் பன்னிரண்டு மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளலாம்.

அதைவிடப் பெரிய சிக்கல் உறைதல். தண்ணீர் உறைந்து ஐஸ் ஆகும்போது அதன் கன அளவு ஏறக்குறைய 9 சதவீதம் கூடுகிறது. இன்னும் வலு ஏறாத கான்கிரீட்டுக்குள் இது நடந்தால், உள்ளேயே விரிசல் விழும். பிறகு எவ்வளவு நாள் க்யூரிங் செய்தாலும் அந்த வலு முழுதாகத் திரும்பாது. அதனால்தான், குறைந்தபட்சம் 3.5 மெகாபாஸ்கல் வலு வரும் வரை கான்கிரீட்டை உறையவிடக் கூடாது என்று அமெரிக்கன் கான்கிரீட் இன்ஸ்டிட்யூட்டின் 'ஏசிஐ 306' வழிகாட்டி சொல்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'ஐஎஸ் 7861' இரண்டாம் பகுதி (1981), காற்றின் வெப்பநிலை 5 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருந்தாலே அதைக் குளிர்கால கான்கிரீட் வேலையாகக் கருதுகிறது.

இதற்குத்தான் வெந்நீர்க் கலவை, சூடாக்கிய ஜல்லி, சீக்கிரம் இறுகவைக்கும் ரசாயனங்கள், போர்வை எல்லாம். இவை எதுவும் வீண் அல்ல. கான்கிரீட் வலுவாக இருந்தால்தான் மனிதர்களும் பிழைப்பார்கள் என்பதற்கு 1978-ல் நடந்த ஒரு விபத்தே சாட்சி.

51 உயிர்கள் சொன்ன பாடம்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலம், வில்லோ ஐலண்ட். அங்கே ஒரு அனல்மின் நிலையத்துக்காகக் குளிரூட்டும் கோபுரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். தினமும் ஒரு வளையம் கான்கிரீட் போடுவது, மறுநாள் அதையே பிடிமானமாக வைத்துச் சாரத்தை மேலே ஏற்றுவது, அடுத்த வளையம் போடுவது. இதுதான் முறை. அதாவது, நேற்றுப் போட்ட கான்கிரீட்தான் இன்று ஆட்களைத் தாங்க வேண்டும்.

1978 ஏப்ரல் 27 காலை, முந்தைய நாள் போட்ட வளையம் தாங்கவில்லை. சாரம் மொத்தமாகக் கழன்று, 50 மீட்டருக்கும் அதிகமான உயரத்திலிருந்து சரிந்தது. 51 பேர் இறந்தார்கள். அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய அமைப்பு நடத்திய விசாரணையில், அந்த வளையம் போதிய வலு பெறும் முன்பே அதன் மேல் சுமை ஏற்றப்பட்டதுதான் முக்கியக் காரணம் என்று தெரியவந்தது. குளிர்ந்த இரவு கான்கிரீட்டின் வேகத்தைக் குறைத்துவிட்டது. வேலை அட்டவணையின் வேகத்தை யாரும் குறைக்கவில்லை.

அது பம்ப் விபத்து அல்ல. ஆனால், குளிர்காலக் கட்டுமானத்தின் அடிப்படைச் சிக்கலை அதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது. குளிர் எல்லாவற்றையும் மெதுவாக்கும். காலண்டர் மட்டும் அதே வேகத்தில் ஓடும். இந்த இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொள்பவர் தொழிலாளி. பம்ப் விஷயத்திலும் கதை இதேதான்.

பம்ப்: ஒரு நிமிட விளக்கம்

ரெடிமிக்ஸ் லாரி தன் டிரம்மில் இருக்கும் கலவையை பம்ப்பின் ஹாப்பரில் கொட்டும். அடியில் இரண்டு சிலிண்டர்கள். ஒன்று கலவையை இழுக்கும்போது மற்றொன்று தள்ளும். தள்ளப்பட்ட கலவை, மடக்கி விரிக்கக்கூடிய பூமின் முதுகில் ஓடும் இரும்புக் குழாய் வழியாக மேலேறி, கடைசியில் மூன்று, நான்கு மீட்டர் நீளமுள்ள ரப்பர் ஹோஸ் வழியாகத் தளத்தில் விழும். அந்த ஹோஸைப் பிடித்து, எங்கே கொட்ட வேண்டுமோ அங்கே திருப்புவது ஒரு தொழிலாளியின் வேலை. ரிமோட்டை வைத்துக்கொண்டு பூமை நகர்த்துபவர் ஆபரேட்டர்.

கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். குழாயின் உள்விட்டம் வழக்கமாக 125 மில்லிமீட்டர். அதில் ஒரு மீட்டர் நீளத்துக்குள் நிற்கும் கான்கிரீட்டின் எடை மட்டும் சுமார் 29 கிலோ. நான்கு மீட்டர் ஹோஸ் என்றால் உள்ளே நூறு கிலோவுக்கு மேல். குழாய்க்குள் அழுத்தம் 70, 80 பார் வரை போகலாம். கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம். அதைவிட முப்பது மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் ஓடும் ஒரு குழாயின் முனையைத்தான் ஒருவர் கையில் பிடித்திருக்கிறார்.

கலவை சீராக ஓடும் வரை இதில் பெரிய சிக்கல் இல்லை. குழாயின் சுவரில் சிமென்ட் பாலின் மெல்லிய படலம் ஒன்று உருவாகி, எண்ணெய் போல வழுக்கிக் கொடுக்கும். நடுவில் கலவை ஒரு திண்டு போல நகர்ந்துகொண்டே இருக்கும். இந்தப் படலம் கெட்டாலோ, குழாய்க்குள் ஏதாவது தடுத்தாலோ ஓட்டம் நிற்கும். சைட் மொழியில், 'லைன் ஜாம்'.

ஹோஸ் சாட்டையாக மாறும் நொடி

உறைபனியில் லைன் ஜாம் ஆக வழிகள் அதிகம். நேற்று மாலை குழாயைக் கழுவிய தண்ணீர் ஏதோ ஒரு எல்போவிலோ, தொங்கும் ஹோஸின் மடிப்பிலோ தேங்கி, இரவில் ஐஸ் கட்டியாகியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஜல்லிக் குவியலில் உறைந்த கட்டி ஏதாவது கலவையோடு சேர்ந்து ஹாப்பர் வரை வந்திருக்கலாம். வெந்நீரும் சிமென்டும் நேராகச் சேர்ந்ததால் கலவைக்குள்ளேயே சிமென்ட் உருண்டைகள் உருவாகியிருக்கலாம். இவை எதுவும் இல்லாவிட்டாலும், மைனஸ் 15 டிகிரியில் விறைத்துக்கிடக்கும் இரும்புக் குழாய்க்குள் முதலில் அனுப்பும் ஸ்லரி, சுவரில் வழுக்குவதற்குப் பதிலாக அப்பிக்கொள்ளலாம்.

இப்போது ஆபரேட்டர் பம்ப்பை இயக்குகிறார். கலவை பின்னாலிருந்து தள்ளுகிறது. முன்னே ஐஸ் அடைப்பு. இரண்டுக்கும் நடுவே காற்று. தண்ணீரை அழுத்தினால் அது அதிகம் சுருங்காது. விடுவித்தால் பெரிதாகத் துள்ளாது. காற்று அப்படியில்லை. ஸ்பிரிங் போல அழுந்திக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் அடைப்பு பிய்த்துக்கொள்ளும். அழுந்தியிருந்த காற்று ஒரே நொடியில் விரியும். நூறு கிலோ கான்கிரீட்டைச் சுமந்த ஹோஸ், பாம்பு போலத் துள்ளிச் சாட்டையாக வீசும்.

பக்கத்தில் நிற்பவரின் தலையிலோ நெஞ்சிலோ அது அடித்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. மேல்தளத்தின் ஓரத்தில் நிற்பவர் என்றால் அடிபடுவதோடு முடியாது. கீழே தூக்கி எறியப்படுவார். ஹோஸின் முனையில் இரும்பு வளையம் இருந்தால் அது சுத்தியல். அதனால்தான் முனையில் இரும்பு இணைப்பு இருக்கும் ஹோஸைக் கடைசி ஹோஸாக மாட்டவே கூடாது என்று பம்ப் தயாரிப்பாளர்களும் அமெரிக்கன் கான்கிரீட் பம்பிங் சங்கமும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

இதைத் தடுக்கப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். ஒரே ஒரு விதி போதும். பம்ப்பை முதன்முறை இயக்கும்போதும், நின்று மறுபடி தொடங்கும்போதும், அடைப்பு எடுத்த பிறகும், கலவை சீராக விழத் தொடங்கும் வரை ஹோஸ் பக்கத்தில் ஒருவரும் நிற்கக் கூடாது. எவ்வளவு தூரம்? ஹோஸ் எவ்வளவு நீளமோ, குறைந்தது அவ்வளவு தூரம் எல்லாப் பக்கமும் காலியாக இருக்க வேண்டும். அதற்கு மேலும் தள்ளி நின்றால் இன்னும் நல்லது. இந்தக் காத்திருப்புக்கு ஆகும் நேரம் ஓரிரு நிமிடங்கள்.

'அதான் எல்லாருக்கும் தெரியுமே' என்று தோன்றலாம். தெரியும்தான். ஆனால் விரல் மரத்துப்போகும் குளிரில், பின்னால் மூன்று லாரிகள் வரிசையில் நிற்கும்போது, 'சீக்கிரம் புடி, ஓட்டிடலாம்' என்ற குரல் வரும்போது, தெரிந்தவர்கள்கூட ஹோஸுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறார்கள்.

வேலை முடிஞ்சதும் ஆபத்து முடியறதில்லை

அடைப்பை எடுப்பதும் குழாயைச் சுத்தம் செய்வதும் இன்னொரு கண்டம். லைன் ஜாம் ஆனால் முதலில் செய்ய வேண்டியது பம்ப்பைப் பின்னோக்கி ஓட்டி அழுத்தத்தை இறக்குவது. அழுத்தம் இறங்காமல் கிளாம்ப்பைத் தட்டிக் கழற்றினால், உள்ளே இருக்கும் ஜல்லியும் கலவையும் முகத்தில் அடிக்கும். குளிரில் இந்த அவசரம் கூடும். காரணம், நின்றுபோன குழாய்க்குள் கலவை வேகமாகச் சூட்டை இழக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். 'இப்பவே எடுக்கலைன்னா மொத்த லைனும் போச்சு' என்ற பதற்றம் கைகளை முந்தவைக்கும்.

சுத்தம் செய்வதில் வேறொரு சங்கடம். தண்ணீரால் கழுவினால் அது குழாயிலேயே உறைந்துவிடும். தளத்தில் வழிந்தால் வழுக்கும். அதனால் காற்றழுத்தத்தால் ஸ்பாஞ்ச் பந்தைத் தள்ளிச் சுத்தம் செய்யும் ஆசை குளிர்காலத்தில் அதிகம். அழுத்தக் காற்றில் வெளியேறும் பந்தும் மீதிக் கலவையும் பீரங்கிக் குண்டுக்குச் சமம். பயிற்சி பெற்ற ஆள், முனையில் பந்தைப் பிடிக்கும் தடுப்பு, கழற்றப்பட்ட ரப்பர் ஹோஸ் இந்த மூன்றும் இல்லாமல் காற்றைத் தொடவே கூடாது. பூம் பம்ப்பில் இதைவிட எளிய வழி உண்டு. ஹோஸ் முனையில் பந்தை வைத்து, பம்ப்பைப் பின்னோக்கி ஓட்டி, பந்தை ஹாப்பர் பக்கமாக உறிஞ்சிக்கொள்வது.

கடைசியாக, எல்லாத் தண்ணீரையும் வடிய விட வேண்டும். குழாய், ஹோஸ், பிஸ்டன்களைக் குளிரவைக்கும் தண்ணீர்ப் பெட்டி எதிலும் சொட்டு மிச்சம் இருக்கக் கூடாது. இன்று மாலை சோம்பல்பட்டு விட்ட தண்ணீர்தான் நாளைக் காலை ஐஸ் அடைப்பு.

பாறை மாதிரி தெரியும் தரை

பூமை விரித்து நிற்கும் பம்ப் லாரியின் எடை முழுவதையும் தாங்குவது அதன் நான்கு கால்கள். பூம் எந்தப் பக்கம் நீள்கிறதோ, அந்தப் பக்கத்துக் காலின் மேல் பல டன் சுமை குவியும். உறைந்த மண் பார்ப்பதற்குப் பாறை போல இருக்கும். காலை ஏழு மணிக்கு அது உண்மையும்கூட. ஆனால் மதியம் வெயில் அடித்தாலோ, பக்கத்தில் ஹீட்டர் ஓடினாலோ, கழுவிய வெந்நீர் வழிந்தாலோ மேல்மண் இளகிச் சேறாகும். கால் ஒரு பக்கம் இறங்கினால் பூம் மொத்தமும் சாயும். காலுக்கு அடியில் ஐஸ் இருந்தால் பலகையே வழுக்கும்.

தீர்வு எளிது. பனியைச் சுரண்டி எடுத்துவிட்டு, அகலமான பலகைகளை அடுக்கி, அதன் மேல் காலை இறக்க வேண்டும். நாளில் ஒருமுறை பார்த்தால் போதாது, வெயில் ஏற ஏறப் பார்க்க வேண்டும்.

பூம் இரும்புக்கும் எல்லை உண்டு. கடுங்குளிரில் இரும்பு வளையும் தன்மையை இழந்து, நொறுங்கும் தன்மைக்குப் போகும். ஹைட்ராலிக் ஆயில் கெட்டியாகி, பூம் தாமதமாகவும் விட்டுவிட்டும் அசையும். அதனால்தான் பல தயாரிப்பாளர்களின் கையேடுகள் மைனஸ் 15 டிகிரியை ஒட்டி ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே பூமை இயக்காதே என்கின்றன. அந்தக் கோட்டுக்கு மேலேயும், முதலில் சுமையில்லாமல் ஓட்டி ஆயிலைச் சூடாக்க வேண்டும். மடக்கிய பூமில் இரவெல்லாம் படிந்த ஐஸ், விரிக்கும்போது துண்டு துண்டாக விழும். அப்போது கீழே யாரும் இருக்கக் கூடாது.

கூடாரத்துக்குள் இன்னொரு எதிரி

தார்ப்பாய்க் கூடாரத்துக்குள் எரியும் ஹீட்டரின் புகையை வெளியே விடாவிட்டால் இரண்டு வாயுக்கள் சேரும். ஒன்று கார்பன் டை ஆக்சைடு. இது புதுக் கான்கிரீட்டின் மேற்பரப்போடு வினைபுரிந்து, தரையைப் பின்னாளில் தூள் தூளாக உதிரவைக்கும். இன்னொன்று கார்பன் மோனாக்சைடு. இதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கி உயிரையே எடுக்கும்.

புகைபோக்கியுள்ள ஹீட்டர் வைத்தால் தரையும் பிழைக்கும், ஆளும் பிழைப்பார். ஆனால் பல சைட்களில் அந்தச் செலவுக்கு ஒப்புதல் வாங்கித் தருவது 'தரை உதிர்ந்துடும் சார்' என்ற வாதம்தான். இந்தத் துறையின் முன்னுரிமையைப் புரிந்துகொள்ள இதைவிட வேறென்ன வேண்டும்?

உடம்பின் கணக்கும் தனி. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால், தோலுக்கு அது மைனஸ் 20 போல உறைக்கும். ஈரக் கையுறையில் விரல் மரத்துப்போகும். குளிருக்குப் போட்ட தலைமூடி பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும், ஆபரேட்டரின் குரலையும் அடக்கும். ஹோஸ் பிடிப்பவருக்குத் தேவையான மூன்று விஷயங்கள் பிடிமானம், பார்வை, காது. குளிர் மூன்றிலும் கைவைக்கிறது.

விதிகள் இருக்கின்றன... தனித்தனியாக

விதியே இல்லையா என்றால், இருக்கிறது. குளிர்கால கான்கிரீட்டுக்கு 'ஏசிஐ 306', 'ஐஎஸ் 7861'. பம்ப்புக்கு அமெரிக்காவில் 'ஏஎஸ்எம்இ பி30.27', கனடாவில் 'சிஎஸ்ஏ இசட்151', ஐரோப்பாவில் 'இஎன் 12001'. முதல் வகைப் புத்தகங்களின் கவலை பெரும்பாலும் கான்கிரீட்டின் வெப்பமும் வலுவும். இரண்டாம் வகையின் கவலை இயந்திரம். இரண்டும் ஒரே சைட்டின் மேஜையில் சேர்ந்து உட்காருவது அபூர்வம்.

அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் கட்டுமான விதிகளில், கான்கிரீட் பம்ப்புக்கென்று இருக்கும் உட்பிரிவு இரண்டே வாக்கியம்தான். குழாய்த் தாங்கிகள் 100 சதவீதக் கூடுதல் சுமையைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட வேண்டும் என்பது ஒன்று. அழுத்தக் காற்றுக் குழாய்களின் இணைப்பு பிரிந்துவிடாதபடி இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. ஹோஸ் முனையில் நிற்பவர் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று அந்த இரண்டு வாக்கியங்களில் இல்லை. குளிர் பற்றியும் இல்லை.

இதன் விளைவு என்ன? சைட்டில் தயாராகும் 'குளிர்காலத் திட்டம்' என்ற கோப்பில் கலவையின் வெப்பநிலை இருக்கும், போர்வையின் தடிமன் இருக்கும், சென்சார் எண்ணிக்கை இருக்கும். பம்ப் பற்றிய பக்கம் இருக்காது. அது 'பம்ப்காரர் பார்த்துப்பார்' என்று விடப்பட்ட விஷயம்.

'ஆபரேட்டர்தான் நிறுத்தலாமே?'

நிறுத்தலாம். காகிதத்தில் அந்த உரிமை அவருக்கு இருக்கிறது. பாதுகாப்பில்லை என்று தோன்றினால் வேலையை நிறுத்துவது ஆபரேட்டரின் பொறுப்பு என்றே பயிற்சியில் சொல்லித்தருகிறார்கள். ஆனால் நிறுத்தினால் செலவு யாருக்கு?

பம்ப் மணிக்கணக்கு வாடகைக்கு வருகிறது. ரெடிமிக்ஸ் லாரிகள் ஏற்கெனவே கிளம்பிவிட்டன. தளம் போடும் ஆட்களுக்குக் கூலி ஓடுகிறது. ஆபரேட்டர் 'முடியாது' என்றால், திருப்பி அனுப்பிய கலவைக்கும் வீணான நேரத்துக்கும் யார் பணம் தருவது என்ற சண்டை தொடங்கும். அடுத்த வேலைக்கு வேறு பம்ப் கம்பெனியைக் கூப்பிடுவார்கள் என்ற பயமும் உண்டு. உரிமை ஒருவரிடம், அதன் விலையும் அவர் தலையிலேயே என்றால், அது உரிமை அல்ல, பொறி.

எதிர்வாதமும் கேட்க வேண்டியதுதான். 'வருஷத்தில் நாலஞ்சு மாசம் குளிர். எல்லாத்துக்கும் நிறுத்தினா கட்டடமே எழும்பாது' என்பார்கள் ஒப்பந்ததாரர்கள். நியாயம். கனடாவிலும் நார்வேயிலும் குளிர்காலம் முழுக்க வேலை நடக்கத்தான் செய்கிறது. யாரும் மூடிவிட்டுப் போகச் சொல்லவில்லை. குழாயை மாட்டும் முன் உள்ளே எட்டிப் பார்க்க ஒரு பத்து நிமிடம். ஸ்லரியை வெந்நீரில் கலக்கக் கொஞ்ச நேரம். ஹோஸ் பக்கத்திலிருந்து விலகி நிற்க ஓரிரு நிமிடம். கேட்பது இவ்வளவுதான்.

'அதுக்குள்ள கலவை போயிடுமே?' என்ற கேள்விக்கும் பதில் உண்டு. சித்திரை வெயிலில் கலவை சீக்கிரம் இறுகும் பயம் உண்மையானது. குளிரில், ரசாயனம் அதிகம் சேர்க்காத கலவைக்கு இறுகும் அவசரமே இல்லை. சூடு இறங்கும் அவசரம்தான் இருக்கிறது. லாரி டிரம்மில் மொத்தமாக நிற்கும் கலவையைவிட, ஜாம் ஆன மெல்லிய குழாயில் நிற்கும் கலவை பல மடங்கு வேகமாகச் சூட்டை இழக்கும். ஆக, தொடங்கும் முன் செலவிடும் பத்து நிமிடம் கலவைக்கும் லாபம்தான்.

என்ன மாற வேண்டும்?

முதலாவது, குளிர்காலத் திட்டத்தில் பம்ப்புக்குத் தனிப் பக்கம் வேண்டும். எந்த வெப்பநிலைக்குக் கீழே, எந்தக் காற்று வேகத்துக்கு மேலே பூம் விரிக்கப்படாது என்ற எண்கள் அதில் முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். காலை ஏழு மணிக்கு, லாரி வந்து நின்ற பிறகு பேசித் தீர்க்கும் விஷயமாக அது இருக்கக் கூடாது. எண் முன்பே இருந்தால் ஆபரேட்டர் யாரோடும் வாதாட வேண்டியதில்லை. தெர்மாமீட்டரைக் காட்டினால் போதும்.

இரண்டாவது, குளிரால் வேலை நிறுத்தப்பட்டால் பம்ப்பின் காத்திருப்புச் செலவும் திரும்பிய கலவையின் செலவும் யாருடையது என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். அது ஆபரேட்டர் தலையிலோ, அவரை அனுப்பிய சின்னக் கம்பெனி தலையிலோ விழக் கூடாது. கட்டடத்தை எப்போது முடிக்க வேண்டும் என்று தேதி குறிப்பவர் யாரோ, குளிரின் விலையும் அவருக்குத்தான்.

மூன்றாவது, ஹோஸ் பிடிப்பவருக்குப் பயிற்சி. ஆபரேட்டருக்குப் பல நாடுகளில் சான்றிதழ் உண்டு. ஹோஸ் முனையில் நிற்பவர் பெரும்பாலும் அன்றைக்குக் கையில் கிடைத்த ஆள். உயிர் போகும் இடத்தில் நிற்பவருக்கு, பம்ப் தொடங்கும்போது எங்கே நிற்க வேண்டும், எந்தச் சைகைக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குப் புரியும் மொழியில் வேலை தொடங்கும் முன் சொல்லிவிட வேண்டும். வட அமெரிக்க சைட்களில் பல நாட்டவர் வேலை செய்கிறார்கள். ஆங்கிலத்தில் ஒட்டிய எச்சரிக்கைத் தாள் எல்லோரையும் காப்பாற்றாது.

இது இமயமலைக்கும் பொருந்தும்

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைத்துவிட வேண்டாம். ரோத்தாங் கணவாய்க்குக் கீழே, 3,000 மீட்டருக்கு மேலான உயரத்தில் கட்டப்பட்டு 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை இந்தியாவில்தான் இருக்கிறது. காஷ்மீரையும் லடாக்கையும் இணைக்கும் சோஜிலா சுரங்கப்பாதையும் இங்கேதான். இப்படிப்பட்ட இடங்களில் குளிர் மாதக் கணக்கில் பூஜ்ஜியத்துக்குக் கீழே நிற்கும். கான்கிரீட்டும் பம்ப் வழியாகத்தான் போக வேண்டும். ஆனால் குளிர்கால கான்கிரீட்டுக்கு இந்தியாவில் கையில் இருக்கும் தர ஆவணம் 1981-ல் வந்தது. அதன் அக்கறையும் முதன்மையாகக் கான்கிரீட்தான். மலையில் வேலைகள் பெருகிக்கொண்டே போகும் இந்தக் காலத்தில், பம்ப் முனையில் நிற்பவரையும் சேர்த்து அதைத் திருத்தி எழுத இதுவே சரியான நேரம்.

உறைபனியே இல்லாத ஊருக்கும் இதில் சேதி உண்டு. குழாய்க்குள் அடைபட்ட காற்றுக்கு ஐஸ் அடைப்பும் ஒன்றுதான், காய்ந்த கலவை அடைப்பும் ஒன்றுதான். சென்னையின் 38 டிகிரி வெயிலிலும் ஜாம் ஆன லைனை மறுபடி ஓட்டும்போது ஹோஸ் சாட்டையாகும். விலகி நிற்கும் விதி எல்லா ஊருக்கும் ஒரே விதிதான்.

ஒரு தளத்தின் கான்கிரீட் உறையாமல் காக்க எத்தனை போர்வை, எத்தனை சென்சார், எத்தனை லிட்டர் டீசல் வேண்டும் என்று கணக்குப் போடத் தெரிந்த துறை இது. அந்தக் கணக்கில் ஹோஸ் பிடிப்பவர் விலகி நிற்க வேண்டிய இரண்டு நிமிடத்தையும் சேர்த்து எழுதுவது பெரிய காரியம் இல்லை. எழுதாமல் விட்டால், அந்த இரண்டு நிமிடத்தின் விலையை ஏதோ ஒரு வீடு ஆயுள் முழுக்கக் கட்டிக்கொண்டிருக்கும்.